சி++ மொழியில் முழு எண்ணை உள்வாங்கும் வசதிகள்: ஒரு பயனரின் மதிப்புரை

64 பிட் லினக்ஸ் கணினி ஒன்றில், ஜிசிசி என்ற கம்பைலரை (நாம் எழுதும் நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் கருவி) கொண்டு உருவாக்கிய சி++ நிரலுக்கு 4294967297 என்ற எண்ணை உள்ளீடாகக் கொடுத்து, அதை முழு எண்ணுக்கான ‘இன்ட்’ வகை மாறி (மதிப்பை வைத்துக்கொள்ளும் இடம்) ஒன்றில் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். எண்ணை உள்வாங்க இந்த மொழியில் இருக்கும் செயற்கூறுகளில் ஒன்றான ஸ்கேன்எஃப் வழியாக வாங்கியபோது மாறியில் 1 இருந்தது. ஓர் எண்ணை வெற்றிகரமாகப் படித்துவிட்டதாக அந்தச் செயற்கூறு பதிலும் சொன்னது. சி-இன் வழியாக வாங்கியபோது மாறியில் 2147483647 இருந்தது. கூடவே ஒரு பிழைக்கொடி உயர்ந்திருந்தது. எஸ்-டு-ஐ வழியாக வாங்கியபோது நிரல் விதிவிலக்கு (கவனிக்காவிட்டால் நிரலையே நிறுத்திவிடும் பிழை அறிவிப்பு) ஒன்றை எழுப்பி அங்கேயே நின்றது. ஃப்ரம்-சார்ஸ் வழியாக வாங்கியபோது மாறியில் நான் முன்பே வைத்திருந்த மதிப்பு அப்படியே இருக்க, பிழைக்குறியீடு மட்டும் தனியே வந்து சேர்ந்தது. எண் ஒன்று, மொழி ஒன்று, கம்பைலர் ஒன்று, கணினியும் ஒன்று. பதில்கள் மட்டும் நான்கு.

கைபேசிக்கும் மிக்ஸிக்கும் மதிப்புரை எழுதுகிற இடத்தில் ஒரு நிரல்மொழியின் லைப்ரரிக்கு (மொழியோடு வரும் ஆயத்தச் செயற்கூறுகளின் தொகுப்பு) மதிப்புரை எதற்கு என்று கேட்கலாம். அன்றாடம் எட்டு மணி நேரம் கையாளும் கருவி அது. விலை கொடுத்து வாங்கவில்லை என்பதற்காக அதன் குறைகளைச் சொல்லக்கூடாது என்பதில்லை. இங்கே நான் மதிப்பிடுவது சி++ மொழியை முழுமையாக அல்ல. வெளியிலிருந்து எழுத்துகளாக வரும் எண்ணை நிரலுக்குள் முழு எண்ணாக மாற்றித் தருவதற்கு அந்த மொழி வைத்திருக்கும் வாசல்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். அதிலும் ஒரே ஒரு கேள்விதான்: வருகிற எண் மாறியின் கொள்ளளவுக்குள் அடங்காதபோது, அந்த வாசலில் நிற்கும் காவலர் என்ன செய்கிறார்?

அடிப்படையை ஒரு முறை நினைவூட்டிவிடுகிறேன். இந்தக் கணினியில் ஜிசிசியின் ‘இன்ட்’ வகை 32 பிட், அதாவது 0 அல்லது 1 ஆன 32 இலக்கங்கள், கொண்டது. -2147483648 முதல் 2147483647 வரை மட்டுமே அதில் அடங்கும். 8 பிட் கொண்ட குறியுள்ள முழு எண்ணில் -128 முதல் 127 வரையிலும், குறியற்றதில் 0 முதல் 255 வரையிலும் அடங்கும். ‘லாங்’ என்ற வகை 64 பிட் லினக்ஸில் 64 பிட் கொண்டது. 64 பிட் விண்டோஸிலோ அது 32 பிட்தான். இந்தக் கடைசி வேறுபாட்டை மறந்துவிட வேண்டாம். கீழே சொல்லப்போகும் தொல்லைகளில் பாதி அதிலிருந்துதான் கிளைக்கிறது.

முதலில் கம்பைலரைப் பாராட்டிவிட வேண்டும். நிரலுக்குள்ளேயே 8 பிட் மாறி ஒன்றில் 300 என்று நாமே எழுதி வைத்தால், எந்தச் சிறப்புத் தேர்வும் கொடுக்காமலே ஜிசிசி எச்சரிக்கிறது. மதிப்பு 300 என்பதிலிருந்து 44 ஆக மாறிவிடும் என்று கணக்கும் போட்டுக் காட்டுகிறது. அதையே நெளிவு அடைப்புக்குள் எழுதினால் எச்சரிக்கையோடு விடாமல் நிரலை உருவாக்கவே மறுத்துவிடுகிறது. ஆனால் அதே 300 விசைப்பலகையிலிருந்தோ கோப்பிலிருந்தோ வந்தால், இந்தக் கண்டிப்பு முழுவதும் காணாமல் போகிறது. நிரலாளர் எழுதும் எண்ணை இவ்வளவு சந்தேகத்தோடு பார்க்கும் ஒரு கருவி, முகம் தெரியாத யாரோ தட்டச்சு செய்யும் எண்ணை இவ்வளவு நம்பிக்கையோடு உள்ளே விடுவது எனக்கு இன்றுவரை விளங்காத முரண். உள்ளீட்டைப் படிப்பது லைப்ரரியின் வேலை, கம்பைலரின் வேலை அல்ல என்பது விளக்கமாகலாம்; பயன்படுத்துபவருக்கு இரண்டும் ஒரே பெட்டியில் வரும் ஒரே பொருள்தான்.

இனி வாசல்களுக்கு வருகிறேன். மிகப் பழையவை ஸ்கேன்எஃப், ஏ-டு-ஐ ஆகிய இரண்டும். இவை சி மொழியிலிருந்து மரபுரிமையாக வந்தவை. மாற்றிய மதிப்பு மாறியில் அடங்காவிட்டால் நடத்தை வரையறுக்கப்படாதது என்று சி மொழியின் தரமே (அதன் அதிகாரபூர்வ விதிநூல்) இரண்டைக் குறித்தும் சொல்லிவிடுகிறது. அதாவது என்ன நடந்தாலும் புகார் செய்ய நமக்கு உரிமையில்லை. லினக்ஸில் வழக்கமாக இருக்கும் ஜிலிப்சி லைப்ரரியில் நடைமுறையில் நடப்பது இதுதான்: எண் முதலில் 64 பிட் ‘லாங்’ ஆகப் படிக்கப்படுகிறது, பிறகு அதன் கீழ்ப்பாதியான 32 பிட் மட்டும் வெட்டி எடுத்து நம் மாறியில் வைக்கப்படுகிறது. அதனால்தான் 4294967297 என்பது 1 ஆயிற்று. 3000000000 கொடுத்தால் -1294967296 கிடைக்கிறது. வரம்பை ஒன்றே ஒன்றால் தாண்டிய 2147483648, எதிர்ப்பக்கத்தின் கடைசிக் கோடியான -2147483648 ஆகிவிடுகிறது.

இதில் உச்சம், இருபது ஒன்பதுகளை வரிசையாகத் தட்டிக் கொடுத்தபோது கிடைத்தது. அந்த எண் 64 பிட்டிலும் அடங்காது. எனவே உள்ளே நடக்கும் முதல் படியில் ‘லாங்’ வகையின் மிகப்பெரிய மதிப்பில் அது நிறுத்தப்படுகிறது. அங்கே ஒரு வரம்புச் சோதனை இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் அடுத்த படியில் கீழ்ப்பாதியை மட்டும் வெட்டும்போது அந்த மிகப்பெரிய மதிப்பின் 32 பிட்களும் ஒன்றுகளாகவே இருப்பதால், மாறியில் வந்து உட்காருவது -1. இருபது ஒன்பதுகளுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி சேர்த்துக் கொடுத்தால் கிடைப்பது 0. எவ்வளவு பெரிய எண்ணைக் கொடுத்தாலும், எவ்வளவு சிறிய எண்ணைக் கொடுத்தாலும், பதில் அடக்கமாகப் பூச்சியத்தைச் சுற்றியே வருகிறது. திரையில் பார்ப்பவருக்குச் சந்தேகமே எழாது. ஒரு படியில் சோதித்து அடுத்த படியில் அந்தச் சோதனையின் பயனை வெட்டி எறியும் இந்த ஏற்பாட்டைவிட, சோதனையே இல்லாத ஏற்பாடு நேர்மையானது என்றுகூடத் தோன்றியது.

இதற்குச் சிலர் சொல்லும் கைமருந்து ஒன்று உண்டு. ஸ்கேன்எஃப் வடிவக் குறிப்பில் அகலத்தை ஒன்பது இலக்கம் என்று கட்டுப்படுத்திவிட்டால் எண் ஒருபோதும் வரம்பைத் தாண்டாது. உண்மைதான், தாண்டாது. ஆனால் பத்து இலக்க எண் வந்தால் முதல் ஒன்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி ஓர் இலக்கத்தை அடுத்த எண்ணாக அது படிக்கும். காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்து வயிற்றைக் கெடுத்த கதைதான்.

ஏ-டு-ஐ பற்றித் தனியாகச் சொல்ல அதிகமில்லை. ஜிலிப்சியில் அது அடுத்த வாசலான ஸ்ட்ர்-டு-எல்லை அழைத்து, விடையை ‘இன்ட்’ ஆக வெட்டித் தருகிறது, அவ்வளவே. பூச்சியம் கிடைத்தால் உள்ளீடு பூச்சியமா, எழுத்துக் குப்பையா என்று அறியவும் வழியில்லை. ஐந்துக்கு மதிப்பெண் போடுவதானால் பூச்சியமே போடுவேன். அந்தப் பூச்சியமும் எதனால் வந்தது என்று அதற்குத் தெரியாது.

ஸ்ட்ர்-டு-எல் மதிக்கத்தக்க வாசல். எண் ‘லாங்’ வகையில் அடங்காவிட்டால் அந்த வகையின் எல்லை மதிப்பைத் திருப்பித் தந்து, எர்நோ என்ற பொது மாறியில் வரம்பு மீறல் என்ற குறியீட்டை வைக்கிறது. எங்கே படிப்பதை நிறுத்தியது என்பதையும் சுட்டிக்காட்டுகிறது. அழைப்பதற்கு முன் எர்நோவை நாமே பூச்சியமாக்க வேண்டும் என்பது சிறு தொல்லை, பழகிவிடும். பழகாதது வேறு ஒன்று. இதில் ‘இன்ட்’ வகைக்கெனத் தனி வடிவமே கிடையாது. எனவே பலர் ஸ்ட்ர்-டு-எல்லை அழைத்து, எர்நோவைச் சோதித்து, எல்லாம் சரி என்று கண்டு, விடையை ‘இன்ட்’ மாறியில் வைத்துவிடுகிறார்கள். விண்டோஸில் ‘லாங்’ 32 பிட் என்பதால் அங்கே இந்த நிரல் ஒழுங்காகவே வேலை செய்கிறது. 4294967297 கொடுத்தால் பிழை என்று சரியாகச் சொல்கிறது. அதே நிரலை 64 பிட் லினக்ஸுக்குக் கொண்டுவந்தால் எர்நோ அமைதியாக இருக்கிறது, மாறியில் 1 வந்து உட்காருகிறது. சோதனை எழுதப்பட்டிருக்கிறது, ஓர் இயங்குதளத்தில் அது சோதித்துத் தேறியும் இருக்கிறது, இன்னோர் இயங்குதளத்தில் அதற்குப் பொருளே இல்லை. இந்த வெட்டலைச் சுட்டிக்காட்டக் கம்பைலரில் ஓர் எச்சரிக்கை உண்டு; ஆனால் ‘வால்’, ‘எக்ஸ்ட்ரா’ என்று நாம் வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் எச்சரிக்கைத் தொகுப்புகள் இரண்டிலும் அது சேர்க்கப்படவில்லை. ‘கன்வர்ஷன்’ என்ற எச்சரிக்கையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை உருவாக்குபவர்கள் இதைக் கண்டு 2004-இல் தங்கள் 3.6 பதிப்பில் ஸ்ட்ர்-டு-நம் என்ற செயற்கூற்றைச் சேர்த்தார்கள். கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் நாமே கொடுத்துவிடலாம். மீறினால் மிகப் பெரியது, மிகச் சிறியது, செல்லாதது என்று மூன்றில் ஒரு விடையைச் சொல்லும். இவ்வளவு எளிய, இவ்வளவு பயனுள்ள ஒன்று சி மொழியின் தரத்துக்குள் இன்னும் நுழையவில்லை என்பது அந்தத் தரத்தைப் பற்றி எதையோ சொல்கிறது.

சி++ தன் சொந்தக் கையால் கட்டிய வாசல் சி-இன். வரம்பு மீறினால் மாறியில் அந்த வகையின் எல்லை மதிப்பை வைத்து, ஃபெயில்பிட் என்ற பிழைக்கொடியை உயர்த்த வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் தரம் திட்டவட்டமாக வரையறுத்தது. ‘இன்ட்’டுக்கும் அதைவிடச் சிறிய வகையான ‘ஷார்ட்’டுக்கும் ஜிசிசி இதை ஒழுங்காகச் செய்கிறது, வாங்கும் வகை எதுவோ அதன் வரம்பையே சோதிக்கிறது, ‘லாங்’கின் வரம்பை அல்ல. இதுவரை கண்டவற்றோடு ஒப்பிட்டால் இது பெரிய நிம்மதி. ஆனால் கொடி உயர்வதும் யாரோ அதைப் பார்ப்பதும் வேறு வேறு. கொடியைப் பார்க்காத நிரலுக்கு 2147483647 என்பது நியாயமான ஓர் எண்ணாகவே தெரியும்.

கொடியைப் பார்க்கிற நிரலுக்கும் ஒரு குழி காத்திருக்கிறது. கோப்பில் இருக்கும் எண்களை எல்லாம் படித்துக் கூட்டுவதற்கு நாம் கற்றுக்கொடுக்கும் பாடநூல் வடிவம், ‘படிக்க முடிகிறவரை படி’ என்ற சுழற்சிதான். ஆயிரம் வரிகள் கொண்ட கோப்பில் நானூறாவது வரியில் வரம்பு மீறிய எண் ஒன்று இருந்தால், கொடி உயர்ந்து சுழற்சி முடிந்துவிடும். மீதி அறுநூறு வரிகளைப் படிக்காமலே, கோப்பு முடிந்துவிட்டது என்ற நினைப்பில் நிரல் கூட்டுத்தொகையை அச்சிடும். கோப்பு முடிந்ததால்தான் நின்றோமா என்று சுழற்சிக்குப் பிறகு கேட்டுப் பார்க்க வேண்டும் என்று கவனமுள்ளவர்கள் சொல்வார்கள். நானும் அப்படித்தான் செய்துவந்தேன். அதுவும் போதாது. கடைசி வரிக்குப் பின் வரிமுடிவுக் குறி இல்லாத கோப்பில் அந்தக் கடைசி எண்ணே வரம்பு மீறியிருந்தால், இலக்கங்களைப் படித்துக்கொண்டே போய்க் கோப்பின் முடிவைத் தொட்டுவிடுவதால் முடிவுக்கொடி, பிழைக்கொடி இரண்டும் ஒன்றாக உயர்ந்திருக்கும். முடிவுக்கொடியை மட்டும் பார்க்கிறவருக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்ததாகவே தோன்றும். இந்த ஒரு குழியைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சனிக்கிழமை முழுவதும் செலவானது.

பிழைக்குப் பின் மீண்டெழுவதிலும் சீர்மை இல்லை. வரம்பு மீறிய எண்ணின் இலக்கங்கள் அனைத்தையும் சி-இன் விழுங்கிவிடுகிறது; கொடியை இறக்கிவிட்டு அடுத்ததைப் படிக்கலாம். எண்ணுக்குப் பதில் எழுத்துகள் வந்தாலோ அவற்றைத் தொடாமல் அப்படியே விட்டுவைக்கிறது. கொடியை மட்டும் இறக்கிவிட்டு மறுபடி படிக்கச் சொன்னால் அதே எழுத்துகளின் மேல் முடிவில்லாமல் முட்டிக்கொண்டிருக்கும்.

8 பிட் முழு எண்ணுக்கு வந்தால் சி-இன்னின் மதிப்பு என் கணக்கில் பாதாளத்துக்குப் போய்விடுகிறது. ‘யூஇன்ட்8’ என்ற வகை பெயரளவில்தான் முழு எண். உள்ளே அது ஓர் எழுத்து வகையின் மறுபெயர். ஆகையால் 200 என்று தட்டச்சு செய்தால் சி-இன் முதல் எழுத்தான 2-ஐ மட்டும் எடுத்து, அந்த எழுத்துக்குக் கணினியில் இடப்பட்ட ஆஸ்கி எண்ணான 50-ஐ மாறியில் வைக்கிறது. மீதி இரண்டு பூச்சியங்கள் அடுத்து எந்த எண்ணைப் படிக்கக் கேட்கிறோமோ அதற்குள் போய் விழுகின்றன. வரம்பு மீறவில்லை, கொடி உயரவில்லை, இரண்டு மாறிகள் கெட்டுவிட்டன. 16 பிட், 32 பிட், 64 பிட் என்று ஒரே வரிசையில் பெயரிடப்பட்ட உடன்பிறப்புகளில் ஒன்று மட்டும் இப்படி நடந்துகொள்வதை வரம்புச் சோதனையின் குறை என்று சொல்வது கூடச் சலுகைதான். அங்கே சோதனைக்கு எதிரே வந்து நிற்கும் எண்ணே இல்லை.

இப்போது குறியற்ற எண்களுக்கு வருகிறேன். நான் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பண்டகசாலைக்குச் சரக்கிருப்பு நிரல் ஒன்று எழுதிக் கொடுத்தேன். மூட்டைகளின் எண்ணிக்கை ஒருபோதும் பூச்சியத்துக்குக் கீழே போகாது. ஆகவே குறியற்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் எதிர்ம எண் உள்ளே வரவே வராது என்று நம்பினேன். திருப்பி அனுப்பிய மூட்டை ஒன்றைப் பதிவு செய்ய அங்கிருந்த கணக்கர் -1 என்று தட்டினார். சி-இன் அதை மறுக்கவில்லை, கொடியை உயர்த்தவில்லை. மாறியில் 4294967295 வைத்தது. கையிருப்பு அறிக்கையில் நானூற்று இருபத்தொன்பது கோடிச் சொச்சம் மூட்டைகள் இருப்பதாக வந்ததைப் பார்த்து அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, “சார், இவ்வளவு மூட்டைக்கு நம்ம குடோன் பத்தாதே” என்றார். அவர் குரலில் கோபமில்லை என்பதுதான் என்னை அதிகம் வெட்கப்படுத்தியது. தவறு முழுவதும் என்னுடையது. கருவியின் ஆவணத்தைப் படிக்காமல் வகையின் பெயரை மட்டும் நம்பியிருந்தேன்.

ஆவணத்தைப் படித்தபோது தெரிந்தது, இது பிழையல்ல, விதி என்று. குறியற்ற எண்களைப் படிக்கும் ஸ்ட்ர்-டு-யூஎல் கழித்தல் குறியை ஏற்றுக்கொள்ளும். குறி நீங்கலான எண்ணைப் படித்து, பிறகு அதைக் குறியற்ற வகைக்குள்ளேயே எதிர்மமாக்கித் தரும். வரம்புச் சோதனை அந்தக் குறி நீங்கலான எண்ணுக்கு மட்டுமே. இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டில் பாருங்கள்: 64 பிட் லினக்ஸில் -18446744073709551615 கொடுத்தால் எந்தப் பிழையும் இல்லாமல் 1 கிடைக்கும், கடைசி இலக்கத்தை மட்டும் 6 ஆக்கினால் வரம்பு மீறல் என்று எர்நோ சொல்லும். குறியற்ற வகையின் கீழ் எல்லை பூச்சியம் என்று மூன்றாம் பக்கத்தில் எழுதிவிட்டு, முப்பதாம் பக்கத்தில் அதற்கும் கீழே ஓர் இலட்சத்து எண்பத்து நாலாயிரம் கோடி கோடிவரை இறங்கலாம் என்று சொல்வது போன்ற ஏற்பாடு இது. சி-இன்னும், ஸ்கேன்எஃபின் குறியற்ற வடிவமும், எஸ்-டு-ஐயின் குறியற்ற உறவான எஸ்-டு-யூஎல்லும் இதே வழியைப் பின்பற்றுகின்றன. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பழைய வாசல்களுக்கும் இந்தப் புதிய வாசல்களுக்கும் முழு ஒற்றுமை.

மூட்டைக் கணக்கோடு போகிற தொல்லை அல்ல இது. லினக்ஸில் இன்னொரு பயனராகக் கட்டளைகளை இயக்க உதவும் சூடோ என்ற கருவியில் 2019 அக்டோபரில் வெளிப்பட்ட குறைபாட்டைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். ரூட் (கணினியில் எல்லா அதிகாரமும் கொண்ட பயனர்) தவிர வேறு எந்தப் பயனராகவும் கட்டளைகளை இயக்கலாம் என்று அனுமதி பெற்ற ஒருவர், பயனர் எண்ணாக -1 என்றோ 4294967295 என்றோ கொடுத்தால் ரூட்டாகவே இயக்க முடிந்தது. பயனர் எண்ணை மாற்றும் லினக்ஸ் அழைப்புக்கு அந்த மதிப்பின் பொருள் ‘எதையும் மாற்றாதே’ என்பது. சூடோவோ அந்த நேரத்தில் ஏற்கெனவே ரூட்டாக ஓடிக்கொண்டிருக்கிறது. அனுமதிப் பட்டியலைச் சோதித்த இடத்தில் அது ரூட் அல்லாத ஏதோ ஓர் எண். செயல்படுத்திய இடத்தில் அது எண்ணே அல்ல. 1.8.28 பதிப்பில் இது திருத்தப்பட்டது. அதற்குப் பத்து மாதம் முன்னால் 2018 டிசம்பரில், லினக்ஸில் அனுமதிகளைச் சரிபார்க்கும் பால்கிட் சேவையிலும் இதன் அண்ணன் முறையான குறை ஒன்று வெளிவந்தது: பயனர் எண் 2147483647-ஐ விடப் பெரிதாக இருந்தால், அந்தப் பயனர் அனுமதியில்லாத கணினிச் சேவைக் கட்டளைகளையும் இயக்க முடிந்தது. ஓர் இடத்தில் குறியற்ற எண்ணாகவும் இன்னோர் இடத்தில் குறியுள்ள எண்ணாகவும் பார்க்கப்பட்ட ஒரே மதிப்பின் வேலைதான் அதுவும்.

எஸ்-டு-ஐ பற்றி நல்லதே சொல்ல வேண்டும். 2011-இல் வந்த இது ‘இன்ட்’டின் வரம்பையே சோதிக்கிறது, மீறினால் விதிவிலக்கு எழுப்புகிறது, பார்க்காமல் கடந்துபோக நிரலாளருக்கு வாய்ப்பில்லை. குறை என்றால், ‘12அஆஇ’ போன்ற உள்ளீட்டிலிருந்து 12-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைப் பற்றி வாய் திறப்பதில்லை. எங்கே நிறுத்தியது என்று நாமாகக் கேட்டால்தான் சொல்லும். குறியற்ற ‘இன்ட்’டுக்கும் ‘ஷார்ட்’டுக்கும் இதில் வடிவமே இல்லை. அதனால் குறியற்ற எண் வேண்டியவர்கள் எஸ்-டு-யூஎல்லுக்குப் போய், 64 பிட் விடையை 32 பிட்டில் வெட்டி, மேலே சொன்ன பழைய குழியிலேயே விழுகிறார்கள். இன்னொன்று, சிறிய எரிச்சல்: ஜிசிசியில் அந்த விதிவிலக்கின் செய்தியை அச்சிட்டால் வருவது செயற்கூற்றின் பெயர் மட்டுமே. எந்த எண், எந்த வரம்பு என்ற விவரம் ஒன்றுமில்லை. நள்ளிரவில் பதிவுக்கோப்பைப் புரட்டுகிறவருக்கு அந்த ஒற்றைச் சொல்லால் ஒரு பயனும் இல்லை.

2017-ஆம் ஆண்டின் தரத்தில் வந்த ஃப்ரம்-சார்ஸ்தான் எனக்கு முழுத் திருப்தி தந்த ஒரே வாசல். 2018-இல் வெளியான ஜிசிசி 8 முதல் முழு எண்களுக்கு இது கிடைக்கிறது. எல்லா முழு எண் வகைகளுக்கும், 8 பிட் உட்பட, தனித்தனி வடிவம் உண்டு. 200-ஐக் குறியற்ற 8 பிட்டில் வாங்கினால் 200, குறியுள்ள 8 பிட்டில் வாங்கினால் வரம்பு மீறல். குறியற்ற வகைக்குக் கழித்தல் குறியோடு வந்தால் எண்ணே அல்ல என்று திருப்பி அனுப்புகிறது; என் கணக்கரின் -1 இங்கே வாசலைத் தாண்டியிருக்காது. வரம்பு மீறினால் மாறியைத் தொடுவதில்லை. எண் எங்கே முடிந்தது என்ற சுட்டியையும் எப்போதும் தருகிறது.

அதன் கண்டிப்பு சில நேரம் சலிப்பூட்டும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முன்னால் ஓர் இடைவெளி இருந்தாலும் ஏற்காது. கூட்டல் குறியை ஏற்காது. ஸ்ட்ரீமிலிருந்து (விசைப்பலகையோ கோப்போ தரும் உள்ளீட்டு ஓட்டத்திலிருந்து) நேராகப் படிக்காது, எழுத்துகளை நாம்தான் வரியாக வாங்கிக் கொடுக்க வேண்டும். முழு உள்ளீடும் எண்தானா என்பதை, திரும்பிவந்த சுட்டி வரியின் முடிவோடு பொருந்துகிறதா என்று பார்த்து நாமே உறுதி செய்ய வேண்டும். புதிதாக மொழியைக் கற்பவருக்கு முதல் வகுப்பில் இதைக் காட்டினால் ஓடிவிடுவார். அதனால்தான் முதல் வகுப்பில் சி-இன் கற்றுக்கொடுக்கப்படுகிறது, பலருக்கு அதுவே கடைசி வகுப்பாகவும் ஆகிவிடுகிறது.

எந்த வாசலும் வேண்டாம், இலக்கங்களை நானே பத்தால் பெருக்கிக் கூட்டிக்கொள்கிறேன் என்று போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கூட்டிய பின் மதிப்பு எதிர்மமாகிவிட்டதா என்று பார்ப்பதே பலரும் எழுதும் சோதனை. அது இரண்டு வகையில் தோற்கும். வரம்பைத் தாண்டிச் சுற்றிவரும் மதிப்பு எதிர்மப் பக்கத்தில்தான் விழும் என்று நிச்சயமில்லை. 4294967297 சுற்றிவந்து 1 ஆகவே விழும். மேலும், குறியுள்ள எண்ணின் வரம்பு மீறல் நிகழவே நிகழாது என்று வைத்துக்கொள்ளக் கம்பைலருக்கு உரிமை இருப்பதால், வேகத்துக்காகச் செம்மைப்படுத்தும்போது அந்தச் சோதனையை ஜிசிசி நீக்கியும் விடலாம். பெருக்கல், கூட்டலின்போதே மீறலைச் சொல்லும் உள்ளமைந்த செயற்கூறுகள் ஜிசிசி 5 முதல் உண்டு. 2023-ஆம் ஆண்டின் சி தரமும் அவற்றை ஒத்தவற்றைச் சேர்த்திருக்கிறது. கையால் எழுதுவதானால் அவற்றைக் கொண்டே எழுத வேண்டும். ஓடும்போதே வரையறுக்கப்படாத நடத்தையைப் பிடிக்கும் ‘சானிட்டைசர்’ கருவியை நம்பி ஸ்கேன்எஃபை விட்டுவைக்கவும் முடியாது. வெட்டு நடப்பது முன்பே கட்டப்பட்ட லைப்ரரிக்குள் என்பதால் அங்கே அதன் கண் எட்டாது.

பிற கம்பைல் மொழிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ரஸ்ட் மொழியில் எழுத்துகளை எண்ணாக்க ஒரே வழிதான் பெரும்பாலும் பயன்படுகிறது. எந்த அளவு வகை கேட்கிறோமோ அதன் வரம்பே சோதிக்கப்படுகிறது, விடையைப் பிரித்துப் பார்க்காமல் எண்ணை எடுக்க முடியாது. கோ மொழி எத்தனை பிட் வேண்டும் என்று நம்மிடமே கேட்டுக்கொண்டு, மீறினால் எல்லை மதிப்போடு பிழையையும் தனியாகத் தருகிறது. இரண்டிலும் வாசல்கள் குறைவு, காவலர் எங்கும் ஒரே ஆள்.

இப்போது என் நிரல்கள் எல்லாவற்றிலும் பத்துப் பன்னிரண்டு வரிகளில் ஒரே ஒரு செயற்கூறு வைத்திருக்கிறேன். வரியைப் படிக்கும், முன்பின் இடைவெளிகளை நீக்கும், ஃப்ரம்-சார்ஸிடம் கொடுக்கும், பிழைக்குறியீட்டையும் சுட்டியையும் சேர்த்துப் பார்க்கும், அதன் பிறகு அந்த இடத்துக்கு உரிய கீழ் மேல் எல்லைகளோடு ஒப்பிடும். மூட்டை என்றால் 0 முதல் குடோனின் கொள்ளளவு வரை, 32 பிட்டின் கொள்ளளவு வரை அல்ல. ஸ்கேன்எஃபுக்கும் ஏ-டு-ஐக்கும் பூச்சியம், ஸ்ட்ர்-டு-எல்லுக்கு மூன்று, சி-இன்னுக்கு இரண்டரை, எஸ்-டு-ஐக்கு மூன்றரை, ஃப்ரம்-சார்ஸுக்கு நாலரை என்பது ஐந்துக்கு நான் இடும் மதிப்பெண். அரை மதிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டது கூட்டல் குறிக்காக. பண்டகசாலையில் திருப்பி வந்த மூட்டைக்கு -1 என்று எழுதும் கணக்கர், வரவான மூட்டைக்கு +1 என்றுதான் எழுதுகிறார். அந்த ஒரு குறியை நீக்குவதற்கென்று என் செயற்கூற்றில் தனியாக ஒரு வரி இன்னும் இருக்கிறது.